நதியைத் தேடினால் நீதி வருகிறது

மைக்ரோசாஃப்டின் டாட் நெட்டில் நிரல் எழுதுகிறவர்களுக்கு இரண்டு கட்டளைகள் அன்றாடப் புழக்கம். ஒரு ஸ்ட்ரிங்குக்குள், அதாவது எழுத்துத் தொடருக்குள், இன்னொன்று இருக்கிறதா என்று கேட்க 'கன்டெயின்ஸ்'. எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்க 'இண்டெக்ஸ்ஆஃப்'. முதலாவது 'இருக்கிறது' என்றால் இரண்டாவது இடத்தைச் சொல்லியாக வேண்டும். அப்படித்தான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். 2020 நவம்பரில் டாட் நெட் 5 வந்தது. விண்டோஸ் கோப்புகளில் வரி முடிகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் அடுத்தடுத்து நிற்கும்: கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட். இரண்டாவதை மட்டும் தேடச் சொன்னால் கன்டெயின்ஸ் 'இருக்கிறது' என்றது. இண்டெக்ஸ்ஆஃப் 'இல்லை' என்பதற்கு அடையாளமான மைனஸ் ஒன்றை நீட்டியது. வருடக்கணக்கில் சொன்னபடி ஓடிய நிரல்கள் வரி பிரிக்கிற இடத்தில் திணறின.

கன்டெயின்ஸ் எண்ணுக்கு எண் வைத்துப் பார்க்கிற ஜாதி. ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் ஒரு எண். இந்த எண் வரிசை அந்த எண் வரிசைக்குள் அப்படியே வருகிறதா, அவ்வளவுதான் அதன் கேள்வி. இதை 'ஆர்டினல்' என்பார்கள். இண்டெக்ஸ்ஆஃப் அப்படியல்ல. வேறு எதுவும் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் அது கணினியில் அமைத்திருக்கிற மொழியின் வழக்கைக் கேட்டுக்கொண்டு தேடும். இதற்குப் பெயர் 'கல்ச்சர்' தேடல். விண்டோஸில் அதுவரை மைக்ரோசாஃப்டின் சொந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தது, டாட் நெட் 5 முதல் யூனிகோடு உலகின் பொது நூலகமான ஐசியுவைப் பார்க்க ஆரம்பித்தது. ஐசியுவின் கணக்கில் அந்த இரண்டு குறிகளும் சேர்ந்து ஒரே எழுத்து. ஒரு எழுத்தின் நடுவயிற்றிலிருந்து தேடலைத் தொடங்க அது அனுமதிப்பதில்லை. அதன் நியாயம் அதற்கு. இதே இண்டெக்ஸ்ஆஃப்புக்கு ஸ்ட்ரிங்குக்குப் பதிலாக ஒற்றைக் குறியாகக் கொடுத்துவிட்டால் கல்ச்சரை மறந்து ஆர்டினலாகத் தேடும் என்பது இன்னொரு கூத்து. டாட் நெட் நூலகத்தை வடிவமைத்தவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசவில்லை என்பது என் நெடுநாள் சந்தேகம்.

நான் சென்னையில் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் எழுதிப் பிழைத்தவன். இந்தச் சங்கதிகளை முதலில் கற்றுக்கொடுத்தது டேனிஷ் மொழி. ஆங்கில 'ஏ' இரண்டைச் சேர்த்து எழுதிய ஒரு உயிரொலிக்கு 1948 எழுத்துச் சீர்திருத்தத்தில் தலையில் வட்டமிட்ட தனி எழுத்து கொடுத்தார்கள். ஆட்பெயர்களிலும் சில ஊர்ப்பெயர்களிலும் பழைய இரட்டை 'ஏ' நின்றுவிட்டது. தத்துவவாதி கீர்கேகார்ட் பெயரில் அது உண்டு. ஆர்ஹுஸ் நகரம் புதிய எழுத்துக்கு மாறியிருந்து, 2011-இல் பழைய இரட்டை 'ஏ'வுக்கே திரும்பியது. ஆகவே டேனிஷ் வழக்கில் அந்த இரண்டு 'ஏ'யும் சேர்ந்து ஒரே எழுத்து, அகராதியில் கடைசி இடம். சென்னையில் ஆங்கில அமைப்பில் உள்ள கணினியில் 'ஆர்ஹுஸ்' என்பதற்குள் 'ஏ'யைத் தேடினால் முதல் எழுத்திலேயே கிடைக்கும். கோபன்ஹேகனில் டேனிஷ் அமைப்பில் உள்ள கணினியில் அதே நிரல், அதே தேடல், 'இல்லை' என்று வரும். "எங்க மெஷின்ல வருதே" என்று எங்கள் குழுவில் சொல்லாதவர் கிடையாது. வரும்தான். அந்த மெஷினுக்கு டேனிஷ் தெரியாது.

துருக்கியக் கதையை நிரலாளர்கள் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1928-இல் லத்தீன் எழுத்துக்கு மாறியபோது துருக்கியர் 'ஐ'யைப் புள்ளி வைத்தது, வைக்காதது என்று இரண்டாக்கிக்கொண்டார்கள். புள்ளி வைத்த சிறிய எழுத்துக்குப் பெரிய எழுத்தும் புள்ளியோடுதான். விளைவு, ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ஃபைல்' என்று இருப்பதைச் சிறிய எழுத்தாக்கி ஒப்பிடுகிற சாதுவான ஒரு வரி, இஸ்தான்புல்லில் மட்டும் பொய்த்துப்போகும். கோப்புப் பெயர், கடவுச்சொல், அமைப்புச் சாவி, வலை முகவரி இவையெல்லாம் இயந்திரத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நடக்கிற பேச்சு. அங்கே கல்ச்சருக்கு வேலை இல்லை, ஆர்டினல்தான். மனிதர் ஒருவர் பெட்டியில் சொல்லைத் தட்டி 'இது எங்கே?' என்று கேட்கும்போது மட்டுமே மொழி வழக்கு வரவேண்டும். எதுவானாலும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், இயல்பிருப்பை நம்பக் கூடாது. மைக்ரோசாஃப்டின் வழிகாட்டுதலும் அதையேதான் சொல்கிறது. கோடு ரிவியூவில் ஒப்பீட்டு வகை குறிப்பிடாத இண்டெக்ஸ்ஆஃப் கண்ணில் பட்டால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். புதிதாக வந்த பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள்.

இத்தனையும் பிறர் மொழிகளில் கற்றது. நம் மொழியின் வழக்கு என்ன என்று கேட்க வேண்டிய நிலை பிற்பாடுதான் வந்தது. ஒரு பழைய பத்திரிகையின் இதழ்களை எல்லாம் கணினியில் ஏற்றித் தேடும்படி செய்துதரக் கேட்டார்கள். பழைய இதழ்கள் பல காலத்தில் பல எழுத்துருக்களிலும் குறியேற்றங்களிலும் தட்டச்சானவை: பாமினி, டிஸ்கி, அந்தந்த அச்சகம் வைத்திருந்த பெயரில்லாத எழுத்துருக்கள். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றியாயிற்று என்றுதான் எங்களிடம் கொடுத்தார்கள். திரையில் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. ஆர்டினலாக 'கொடி' என்று தேடினால் மட்டும் பாதிக் கொடிகள் கிடைக்கவில்லை.

கொகரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். யூனிகோடில் 'கொ' எழுத இரண்டு வழி. 2965 என்ற எண்ணுள்ள ககரத்தின் பக்கத்தில் 3018 என்ற ஒகரக் குறியை ஒரே துண்டாகப் போடலாம். அல்லது ககரத்தை அடுத்து 3014 என்ற ஒற்றைக் கொம்பு, அதையடுத்து 3006 என்ற கால் என்று இரண்டு துண்டாகவும் போடலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு சட்டமே சொல்கிறது. திரையில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்காது. விசைப்பலகையில் தட்டும்போது பெரும்பாலும் முதல் வழியில்தான் சேமிப்பாகும். இரண்டாவது வழி எங்கிருந்து வந்தது? பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்டுவார்கள்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். மாற்றித் தருகிற நிரல் கொம்பைப் பிடித்து ககரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு, காலோடு சேர்த்து ஒட்டாமல் விட்டுவிட்டால் அந்த இரண்டு துண்டுதான் மிஞ்சும். ஆர்டினல் தேடல் இங்கே குருடு. கொடுமை, அதே தேடல் 'கெ' என்று கேட்டால் கொடிக்குள் போய் அதைக் கண்டுபிடித்துவிடும். அங்கே கொம்பு உண்மையாகவே தனியாக நிற்கிறதே!

எங்களுக்கு முன்னால் இந்த வேலையை எடுத்திருந்தவர்கள் கல்ச்சர் தேடலைத்தான் போட்டிருந்தார்கள். ஐசியு இரண்டு வடிவத்தையும் ஒன்றாகவே எண்ணும், கொடிகள் எல்லாம் கிடைத்துவிடும். ஆனால் கிடைத்த இடத்தில் மஞ்சள் பூச வேண்டும் அல்லவா? தொடங்குகிற இடம் தெரியும். நீளத்துக்கு, தேடக் கொடுத்த சொல்லின் நீளத்தையே வைத்துக்கொண்டார்கள். தேடியது 'கொ', இரண்டு துண்டு. கிடைத்த இடத்தில் இருந்தது மூன்று துண்டு. இரண்டு துண்டு மட்டும் மஞ்சளாகி 'கெ' என்று நின்றது. விடுபட்ட கால், புள்ளிகளால் ஆன ஒரு வெற்று வட்டத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு 'டி'க்கு முன்னால் தொங்கியது. தமிழ்த் தளங்களில் அந்தப் புள்ளி வட்டத்தைப் பார்க்காதவர் குறைவு. ஒட்ட எழுத்து கிடைக்காத குறிக்கு எழுத்துரு கொடுக்கிற பொய்க்கால் அது. டாட் நெட் 5-இல் இதற்கு மருந்து வைத்தார்கள்: கிடைத்த பகுதியின் நீளத்தையும் தனியாகத் திருப்பித் தருகிற ஒரு இண்டெக்ஸ்ஆஃப். அதைப் பயன்படுத்துகிறவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

நாங்கள் வேறு வழிக்குப் போனோம். ஏற்றும்போதே எல்லா உரையையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். தேட வருகிற சொல்லையும் அப்படியே. இதற்கு 'நார்மலைசேஷன்' என்று பெயர், பல நிரல் மொழிகளில் ஒரு வரி வேலை. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்து வைத்தே சேமிக்கும் என்பதால், அங்கிருந்து வருகிற கோப்புகளின் தமிழ்ப் பெயர்களையும் இந்த வாசல் வழியாகவே விட்டோம்.

முந்தைய நிரலில் இன்னொரு புதையல் இருந்தது. 'நதி' என்று தேடினால் காவிரி வந்தது, தாமிரபரணி வந்தது, கூடவே உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் வண்டி வண்டியாக வந்தன. நதிநீர் வழக்குகளாக்கும் என்று முதலில் நினைத்தோம். கொலை வழக்கு, சொத்து வழக்கு, விவாகரத்து எல்லாம் வரிசை கட்டியபோதுதான் உள்ளே இறங்கினோம். பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளுக்கு வழிவழியாகப் பயன்படுகிற ஒரு சிறு நிரல் துண்டு அங்கே உட்கார்ந்திருந்தது. எழுத்தின் தலையில் ஏறுகிற அழுத்தக் குறிகளை உதிர்த்துவிட்டுத் தேட உதவுவது அது. முதலில் எழுத்துகளைப் பிரிக்கும், பிறகு 'இடம் அடைக்காத குறி' என்று யூனிகோடு வகைப்படுத்தியவற்றை எல்லாம் நீக்கும். பிரெஞ்சுக்காரர் குறி போடாமல் தட்டினாலும் சொல் கிடைக்கும். நல்ல நிரல்தான், அதன் ஊரில்.

தமிழ்க் குறிகளில் அந்த வகைக்குள் விழுபவை எவை தெரியுமா? மெய்யின் மேலுள்ள புள்ளி. அதோடு ஈகாரக் குறி. இகரக் குறி அந்த வகையில் இல்லை, அது 'இடம் அடைக்கும் குறி'. கால், கொம்பு, உகர ஊகாரங்கள் எல்லாம் இடம் அடைப்பவையே. கியும் கீயும் நம் கண்ணுக்கு அண்ணன் தம்பி. யூனிகோடு அட்டவணையில் வேறு வேறு குடும்பம். அந்த நிரல் துண்டு தமிழ் உரைக்குள் நடந்துபோனால் ஈகாரங்களும் புள்ளிகளும் மட்டும் உதிரும். நீதிமன்றம் 'நதிமனறம' ஆகும். வீடு வடுவாகும். சீதை சதையாவாள். மீனவர் 'மனவர' ஆவார். உரையிலும் உதிர்த்து, தேடுகிற சொல்லிலும் உதிர்ப்பதால், நீதிமன்றத்தைத் தேடியவருக்கு நீதிமன்றம் சரியாகவே கிடைக்கும். சோதித்துப் பார்த்தவர்கள் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நதியைத் தேடி யாரும் சோதிக்கவில்லை.

எடுத்து எறிந்தோம். ஆனால் அந்த நிரல் தெரியாமல் செய்த ஒரு நல்ல காரியம் அதை எறிந்த பிறகுதான் தெரிந்தது. 'தமிழ்' என்று தேடினால் அதுவரை தமிழில், தமிழை, தமிழர், தமிழக எல்லாம் வந்துகொண்டிருந்தன. இப்போது நின்றுவிட்டன. தமிழ் என்ற சொல்லின் கடைசியில் ஒரு புள்ளி உட்கார்ந்திருக்கிறது. வேற்றுமை உருபு வந்து சேரும்போது புள்ளி போய் அந்த இடத்தில் உயிர் ஏறிவிடுகிறது. 'தமிழில்' என்ற எண் வரிசைக்குள் 'தமிழ்' என்ற வரிசை கிடையாது. இது பிழையல்ல, நம் மொழியின் நடை. ஐரோப்பிய மொழிகளுக்குச் செய்த எந்தக் கல்ச்சர் அட்டவணையும் இதற்கு உதவாது. சொல்லின் கடைசிப் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டுத் தேடினோம். தமிழ் சரியானது. உடனே 'கல்' கெட்டது. கல்லைத் தேடினால் கலை, கலப்பை, கலகம், கலாம் எல்லாரும் வந்து நின்றார்கள். மூன்று எழுத்துக்குக் குறைந்த சொல்லுக்குப் புள்ளியில் கை வைப்பதில்லை என்று ஒரு விதி போட்டு ஒப்பேற்றினோம். மகரத்தில் முடிகிற சொல் இன்னும் தனி ரகம்; மரம், மரத்தில், மரங்கள். அது இலக்கணம் தெரிந்த நிரலின் வேலை, எழுத்துத் தேடலின் எல்லைக்கு வெளியே. அந்த எல்லையை எங்கே போடுவது என்பதில்தான் எங்கள் கூட்டங்கள் நீண்டன.

மூன்று எழுத்து என்று எழுதிவிட்டேன். அதை எண்ணுவதே ஒரு வேலை. 'நிலா' என்பதன் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் நான்கு என்று சொல்லும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை இரண்டு என்று சொல்லும். குழந்தை சொல்வதுபோல் எண்ண நிரல் உலகிலும் வழி உண்டு. ஸ்விஃப்ட் மொழி இயல்பாகவே இரண்டு என்கிறது. அதே பைத்தானில் 'சொல்லுக்குரிய எழுத்து' என்ற ரெகெக்ஸ் குறியைக் கொண்டு தமிழ்ச் சொற்களைப் பிரித்தால், உயிர்க்குறிகளை அது எழுத்தாகவே மதிக்காது, கொடி 'க', 'ட' என்று இரண்டாக உடையும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே எண் கொடுக்கிற டேஸ்16 முறையை 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. இந்தத் தலைவலிகளில் பாதி அதில் இருக்காது. உலகம் ஏற்கெனவே யூனிகோடில் குடியேறிவிட்டது, அவ்வளவுதான்.

பத்திரிகையில் பிழைதிருத்தும் பெரியவர் ஒருவர் இருந்தார். எழுபதைத் தொட்டவர், எல்லோருக்கும் ஐயா. கணினியைத் தொடமாட்டார், அச்செடுத்துக் கொடுத்தால் சிவப்பு மையில் திருத்தித் தருவார். ஔகாரத்தில் அவர்தான் எங்களைக் காப்பாற்றினார். பழைய தட்டச்சில் 'கௌரி'யைக் கொம்பும் ளகரமுமாகக் 'கெளரி' என்று அடித்திருப்பார்கள். ஒகரத்தின் இரண்டு வடிவங்களைப் போல இவற்றை யூனிகோடு ஒன்று என்று சொல்வதில்லை. எந்த நூலகமும் சொல்லாது. இது உண்மையாகவே ளகரம், கண்ணுக்கு மட்டும் ஔகாரம். கெளரி, மெளனம், பெளர்ணமி, செளகரியம் எல்லாம் ஆயிரக்கணக்கில். எங்கள் குழுவில் ஒரு பெண் நல்ல விதி ஒன்று எழுதினார்: கொம்புள்ள எழுத்தை அடுத்த ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாவிட்டால் அது ஔகாரம். வெள்ளியும் தெளிவும் கெளுத்தி மீனும் தப்பித்துவிடும். கச்சிதம் என்று நினைத்து, திருத்திய உரையில் சில பக்கங்களை ஐயாவுக்கு அனுப்பினோம். சிறுகதைப் பக்கங்களில் சிவப்பு வழிந்தது.

"தம்பி, இவன் 'கெளம்பு'ன்னு சொல்றான். கிளம்பச் சொல்றான். அவனை நீங்க 'கௌம்பு' ஆக்கி வெச்சிருக்கீங்க. வெளக்கமாறு 'வௌக்கமாறு' ஆகியிருக்கு. இது கதை எழுதினவர் வேணும்னே போட்ட ளகரம்."

"பேச்சு வழக்கு எது, பிழை எது என்று மெஷினுக்குத் தெரியாதுங்க ஐயா."

"தெரியாதுன்னா ஏன் கை வைக்கறீங்க? தேடறப்ப ரெண்டையும் ஒண்ணா நெனச்சுக்கச் சொல்லுங்க. அச்சான எழுத்து அச்சானபடி இருக்கட்டும்."

ஐரோப்பியத் திட்டங்களில் நான் பார்த்த ஆவணங்கள் எதிலும் இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிப் படித்ததில்லை. அதன்படி உரையைத் தொடாமல், தேடலுக்கென்று பக்கத்தில் ஒரு நிழல் பிரதி வைத்தோம். சமம் என்று கருத வேண்டியவை எல்லாம் நிழலில் மட்டும் ஒன்றாகும்: கெளரியும் கௌரியும், சகரக் கிரந்த எழுத்து 2005-இல் யூனிகோடுக்குள் வந்தபின் இரண்டு விதமாக எழுதப்படுகிற ஸ்ரீ, ககரமும் ஷகரமும் ஒட்டாமல் இருக்க நடுவில் யாரோ செருகிய கண்ணுக்குத் தெரியாத குறி. தமிழ் எண் ஒன்றும் ககரமும் அச்சில் ஒன்றுபோலவே இருக்கும், யூனிகோடில் 3047, 2965. பழைய பக்க எண்களில் இரண்டும் மாறி மாறிக் கிடந்தன. அவற்றை ஒன்றாக்க ஐயா சம்மதிக்கவில்லை, எண் எண்தான் என்றார், நாங்களும் விட்டுவிட்டோம். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் மட்டும் எங்களுக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. லையும் ணையும் வடிவம் மாறின, அவற்றின் எண்கள் பழசுக்கும் புதுசுக்கும் ஒன்றே. டேனிஷ்காரருக்கு வாய்க்காத அதிர்ஷ்டம்.

கிருஷ்ணனைத் தேடுகிறவருக்குக் கிருட்டிணன் கிடைக்க வேண்டுமா என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். வேண்டும்தான், ஆனால் நிழல் பிரதியின் விதியில் அதற்கு இடமில்லை. ஷகரம் எல்லாம் டகரம் என்று விதி போட்டால் ஊர் சிரிக்கும். அதற்குத் தனியாக ஒரு பெயர்ப் பட்டியல், அதைக் கவனிப்பது ஐயா. ஒரு பக்கத்துக்கு மேல் போனதும் நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டார். எங்கள் குழுவில் ஒருவர் மாதா மாதம் அதைப் படம் பிடித்து வந்து தட்டி ஏற்றுவார். கடைசியாக வந்த பக்கத்தின் ஓரத்தில் ஐயா ஒரு கேள்வி எழுதியிருந்தார்: எம்.ஜி.ஆர். என்று புள்ளியோடு, எம்ஜிஆர் என்று சேர்த்து, எம் ஜி ஆர் என்று இடம்விட்டு, மூன்று விதமாகவும் நம் இதழில் அச்சாகியிருக்கிறது. இந்தப் புள்ளி மெய்யின் புள்ளி இல்லையே, இதை உங்கள் மெஷின் என்ன செய்கிறது?